கும்மிருட்டுக்குக் குவிந்த லைக்

கொண்டப்பநாயக்கன்பட்டியில், செல்போன் டவருக்கு அடியில் ஒரு சித்தர் இறங்கியிருக்கிறார் என்ற செய்தி சேலம், நாமக்கல் வட்டாரத்துப் போட்டோகிராபர்களுக்கு எட்டியபோது, "எங்கிருந்து இறங்கினார்?" என்று யாரும் கேட்கவில்லை. "எத்தனை பாலோயர் கொடுக்கிறார்?" என்று மட்டும் கேட்டார்கள்.

பெயர் ரீச் சித்தர். பூர்வாசிரமத்தில் கருப்பண்ணன் என்ற பெயரில் செல்போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் குமிழி விழாமல் கண்ணாடி ஒட்டப் பார்த்து, முடியாமல் போய், உலகத்தின் நிலையாமை அந்தக் கணமே விளங்கி ஞானம் அடைந்தார் என்று தல வரலாறு சொல்கிறது. தல வரலாறு வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் வரும்.

ஆசிரமம் என்பது ஏற்காட்டு மலைச் சாலையோரம் பூட்டிக்கிடந்த ஒரு குடோன். மூலவர் அல்காரிதேஸ்வரர். கிட்டப் போய்ப் பார்த்தால் ரவுட்டர் மாதிரி இருப்பார். ரவுட்டரேதான். இரண்டு ஆன்டெனாவுக்கும் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கதம்பம் சாத்தியிருந்தார்கள். பச்சை விளக்கு மினுங்கினால் சாமி விழித்திருக்கிறார். சிவப்பு மினுங்கினால் சாமி கோபமாக இருக்கிறார், அல்லது யாரோ பில் கட்டவில்லை.

முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் அங்கே திருவிழாதான். ஆத்தூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் கருப்பு டீ-ஷர்ட்டுகள் வண்டி கட்டிக்கொண்டு வந்தன. டிரைபாடுக்குப் பொட்டு வைத்துத் தோளில் காவடி போலச் சுமந்து வந்தவர்களும் உண்டு. லைக் அர்ச்சனை, கொலாப் ஹோமம், வைரல் யாகம் என்று சீட்டுகள் தனித்தனி. கூடவே அருளுரையும் இலவசம். ராகு காலத்தில் ரீல்ஸ் போட்டால் வியூஸை ராகு விழுங்கிவிடுவார். ஹேஷ்டேக் ஒன்பதுக்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது, கிரகத்துக்கு ஒன்று. சனிக்கு உரியதைக் கடைசியில் போட வேண்டும். முந்திக்கொண்டால் அக்கவுண்ட் ஏழரை வருடத்துக்கு எழுந்திருக்காது. கூட்டம் இதையெல்லாம் பயபக்தியோடு கேட்டது. அதில் பாதிப் பேர் பி.இ. படித்தவர்கள்.

இந்தக் கூட்டத்தில்தான் நாமக்கல் சந்தோஷ்குமாரும் வந்து சேர்ந்தான்.

சந்தோஷ்குமார் படம் நன்றாக எடுப்பான். அவனிடம் இருந்த ஒரே குறை அதுதான் என்று பின்னால் சித்தர் கண்டுபிடித்தார். ஆடி மாதம். கல்யாணம் இல்லாத மாதத்துப் போட்டோகிராபரும் அறுப்பில்லாத காலத்து அரிவாளும் ஒன்று. சும்மா தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படித் தொங்கிக்கொண்டிருந்தபோது, ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை போன் செய்தார்.

"உங்க படமெல்லாம் ரொம்ப நல்லாருக்குதுங்க. ஆனா இன்ஸ்டாவுல முந்நூறு பேருதானுங்களே இருக்கறாங்க? எங்க பங்காளிக பாத்தா சிரிப்பாங்கங்க."

சொல்லிவிட்டு, சேலத்துச் சித்தார்த்தை அமர்த்திக்கொண்டார். சித்தார்த்துக்கு எட்டாயிரம் பேர். அவன் எடுத்த படங்களில் மாப்பிள்ளையின் தலை சில நேரம் வரும், சில நேரம் வராது. இருந்தாலும் எட்டாயிரம் பேர்.

சந்தோஷ்குமார் வெட்கத்தை விட்டு சித்தார்த்துக்கே போன் போட்டான். "எப்படிங்க ப்ரோ இது?"

"எல்லாம் சாமி அருளுங்க ப்ரோ. நேரா கொண்டப்பநாயக்கன்பட்டி போங்க. போறப்ப போன்ல லாக்கை எடுத்துட்டுப் போயிருங்க. பூட்டுப் போட்ட போன் சாமிக்கு ஆகாது."

ஆகாதுதான். வாசலிலேயே ஒரு சீடர் தாம்பாளத்தோடு நின்றார். அவர் பெயர் அறிவு. ஆசிரமத்துக்குள் அந்தப் பொருள் இருந்தது அந்தப் பெயரில் மட்டும்தான். "ஆண்டவனுக்கு முன்னால எதுக்குங்க பூட்டு?" என்று கேட்டுக் கேட்டு, திறந்த போன்களை வாங்கித் தாம்பாளத்தில் அடுக்கினார். தாம்பாளங்கள் திரைக்குப் பின்னால் போயின. அந்த இடத்துக்குக் கருவறை என்று பெயர். திரைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு "லைக்காய நமஹ, ஷேராய நமஹ" சொல்ல வேண்டும். தொழிலில் ஒற்றைக் கண்ணை மூடிப் பழகியவர்கள். இங்கே இரண்டையும் மூடினார்கள்.

சித்தர் சந்தோஷ்குமாரைக் கிட்டக் கூப்பிட்டு, அவன் எடுத்த படங்களைப் பெரிய டிவியில் ஓடவிட்டுப் பார்த்தார்.

"மகனே, உன் படத்தில் என்ன குறை, தெரியுமா?"

"லைட்டிங்குங்களா சாமி?"

"குறையே இல்லை. அதுதான் குறை. குறை இருந்தால்தானே மனிதன் கமெண்ட் போடுவான்!"

கூட்டம் சிலிர்த்தது. சந்தோஷ்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் தான் ஒழுங்காக வேலை செய்ததுதான் தன் பாவம் என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

போன் திரும்பி வந்தது. முந்நூறு, ஐந்நூறாகியிருந்தது. அன்று பஸ்ஸில் அந்த எண்ணிக்கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்து, நாமக்கல்லில் இறங்காமல் பரமத்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்தான்.

ஸ்டூடியோவில் ஆல்பம் வடிவமைப்பது அவன் மனைவி சத்யபிரியா. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் ஊரார் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பவள். ஒரே சித்தப்பா ஒரே பக்கத்தில் இரண்டு தடவை வந்தால் கண்டுபிடித்துவிடுவாள். அவன் பெருமையாக நீட்டிய போனை வாங்கி, வந்து சேர்ந்தவர்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இவங்கெல்லாம் ஆருங்க?"

"ரசிகருங்க புள்ள."

"அத்தன பேரு மூஞ்சியிலயும் கேமரா இருக்குதுங்களே?"

உண்மைதான். கருப்பு டீ-ஷர்ட், முகத்துக்கு நேராகக் கேமரா, பின்னால் மங்கலாக ஒரு மலை. ஐந்நூறில் புதிதாக வந்த அத்தனை பேரும் அதே அச்சு.

"சக கலைஞருங்க புள்ள. கலைய கலைஞனுக்குத்தான் தெரியும்."

"தெரியட்டுங்க. இதுல கண்ணாலம் பண்ணிக்கற மூஞ்சி எதுங்க?"

"உனக்குப் பொறாமை," என்றான் சந்தோஷ்குமார். பதில் இல்லாத இடத்தில் கணவன்மார் வைக்கும் முற்றுப்புள்ளி அது.

ஆடி முழுக்கப் போனான். ஐந்நூறு ஆயிரமானது, ஆயிரம் ஐயாயிரமானது, ஐயாயிரம் எட்டாயிரமானது. எட்டாயிரம் பேரில் ஒருவரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது ஒரே ஒருவர், கோழிப்பண்ணை மருதாசலம். மூத்த மகள் கல்யாணத்துக்கு இவன் எடுத்த படத்தைக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு மாட்டி வைத்திருப்பவர். இன்ஸ்டாகிராம் என்பது புதிதாக வந்திருக்கும் கோழித் தீவனம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். "சின்னவளுக்கு ஆவணி மொத முகூர்த்தமுங்க. நீங்கதான் எடுக்கோணும். மண்டபத்துல வெளிச்சம் கம்மி, பாத்துக்கங்க," என்று சொல்லி வெற்றிலை பாக்கும் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஊரில் பாதி வீடுகள் அவருக்குச் சொந்தம். சொந்தமில்லாத வீடுகள் சம்பந்தம்.

கல்யாணம் நெருங்கிவிட்ட நேரத்தில்தான் சித்தர் அடுத்த ஆணையைப் பிறப்பித்தார்.

கண்ணில் கோளாறு வந்தால் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவது நம் பக்கத்து வழக்கம். சித்தர் அந்த வழக்கத்தைக் கொஞ்சம் அப்டேட் செய்திருந்தார். "உன் கணக்கைப் பத்தாயிரம் தாண்ட விடாமல் ஒரு நிழல் தடுக்கிறது, மகனே. அது உன் கண்ணில் குடியிருக்கிறது. போட்டோகிராபனுக்குக் கண் எது? லென்ஸ். உன்னிடம் இருப்பதிலேயே நல்ல லென்ஸைக் கண்மலராகச் சாத்து. நிழல் விலகும்."

நல்ல லென்ஸ் என்று அவனிடம் இருந்தது ஒன்றுதான். இருட்டு மண்டபத்திலும் மணப்பெண்ணின் முகத்தைத் துலக்கி, பின்னால் பந்திக்கு முண்டுகிற கூட்டத்தைப் பாலாடை போல் கரைத்துக் காட்டும் லென்ஸ்.

"லென்ஸக் குடுத்துப்போட்டு மருதாசலண்ணன் ஊட்டுக் கண்ணாலத்த எதுலீங்க எடுப்பீங்க?" என்றாள் சத்யபிரியா.

"சாமி பாத்துக்குவாரு."

"சாமி வந்து பந்தியில நின்னு போட்டோ எடுப்பாருங்களா? அந்த ஊட்டுக் கண்ணாலத்தக் கெடுத்தா இந்த ஊருல ஒரு காதுகுத்துக்குக்கூட நம்மளக் கூப்புட மாட்டாங்க. கடையச் சாத்திப்போட்டுப் பண்ணையில முட்டை பொறுக்கத்தான் போகோணும்."

"பத்தாயிரம் ஆயிட்டா மெட்ராஸ்லருந்து கூப்புடுவாங்க புள்ள!"

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆல்பத்தில் எந்தப் பக்கத்திலும் வைக்க முடியாத ஒரு படத்தைப் பார்ப்பது போல.

"சேரி. நானும் வாரேன். நேத்து நானும் ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சிருக்கறேன். மொதல்ல எனக்கொரு யாகம் பண்ணட்டும். அதுக்கப்பறம் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். அதுல உங்க சாமி ஜெயிச்சாருன்னா, நானே என் கையால லென்ஸச் சாமிக்குச் சாத்தறேன்."

சந்தோஷ்குமாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாத்திகத்தைச் சித்தர் ஒரே நாளில் திருத்திவிட்டார் என்று சித்தார்த்துக்கு மெசேஜ் கூடப் போட்டான்.

ஆடிக் கடைசி ஞாயிறு. குடோன் நிரம்பி வழிந்தது. சந்தோஷ்குமாரின் லென்ஸ் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்வரிசைத் தாம்பாளத்தில் உட்கார்ந்திருந்தது. சத்யபிரியா வைரல் யாகத்துக்குச் சீட்டு வாங்கினாள். எல்லோருடைய போன்களும் வழக்கம் போல் திரைக்குப் பின்னால் போயின. எல்லோரும் கண்ணை மூடினார்கள். லைக்காய நமஹ.

போன்கள் திரும்பி வந்தன. அறிவு உரக்க அறிவித்தார்: "புதுசா ஆரம்பிச்ச கணக்குங்க! போட்டது ஒரே படம்! இந்த மண்டபத்துல இருக்கற தலைக்குச் சமமா லைக் வந்து குவிஞ்சிருக்குதுங்க!"

கரகோஷம். சித்தர் கையை உயர்த்தினார். "மகளே, உன் கலையை ஊருக்குக் காட்டு."

சத்யபிரியா போனை டிவியில் இணைத்தாள். டிவி கருப்பானது.

"கரண்ட் போயிருச்சுங்களா?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"இல்லீங்க, பேன் சுத்துதுங்க."

"அப்பறம் படம் எங்கீங்க?"

"இதானுங்க படம்," என்றாள் சத்யபிரியா. "அக்கவுண்ட் பேரு கும்மிருட்டு."

மண்டபம் டிவியை உற்றுப் பார்த்தது. டிவியும் மண்டபத்தை உற்றுப் பார்த்தது. சித்தர் ஒரு கணம்தான் தடுமாறினார். "ஆகா! சூனியம்! ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை! இதுவல்லவா கலை!" என்று கண்ணீர் விட்டார். நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர், "கருப்பு நல்லா ஆழமா வந்திருக்குது," என்று பக்கத்திலிருந்தவரிடம் நுணுக்கமாகச் சொன்னார்.

"கமெண்டைப் படிக்கறேனுங்க," என்றாள் அவள். "'வேற லெவல் லைட்டிங்.' 'கலர் டோன் அள்ளுது.' 'மணப்பெண்ணின் வெட்கம் கண்ணிலேயே தெரிகிறது.' இந்தக் கடைசி கமெண்டு சேலம் சித்தார்த் அண்ணன் போட்டதுங்க. அண்ணா, மணப்பொண்ணு எந்தப் பக்கம் நிக்கறாங்கன்னு கொஞ்சம் காட்டுங்க."

சித்தார்த் எழுந்தான். டிவியின் இடது மூலையைப் பார்த்தான், வலது மூலையைப் பார்த்தான். "நான் இதப் போடவே இல்லீங்களே!"

"உங்க அக்கவுண்ட்லருந்துதானுங்க வந்திருக்குது."

"சாமி சத்தியமா போடலீங்க!"

"எங்க ஊட்டுக்காரரும் ஒண்ணு போட்டிருக்காருங்க. 'இப்படி ஒரு படம் எடுக்க நான் ஏழு ஜென்மம் எடுக்க வேண்டும்.'" அவள் திரும்பினாள். "ஏனுங்க, இதுக்கு ஏழு ஜென்மமெல்லாம் வேண்டாமுங்க. லென்ஸ் மூடியக் கழட்டாம அமுக்குனாப் போதும். உங்க கேமராவுலதான் எடுத்தேன்."

சந்தோஷ்குமார் தன் போனைத் திறந்து பார்த்தான். அவன் பெயரில், அவன் படத்தோடு, அவன் போடாத கமெண்ட். கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்த அந்தப் படத்தில் அவனும் மற்ற எட்டாயிரம் பேரைப் போலவே இருந்தான்.

"எல்லாம் அல்காரிதேஸ்வரர் லீலை," என்றார் சித்தர் அவசரமாக. "அவர் உங்கள் உள்ளே புகுந்து எழுதியிருக்கிறார். லென்ஸை உள்ளே கொண்டு போ, அறிவு."

அறிவு தாம்பாளத்தைத் தூக்கினார்.

"இருங்க சாமி," என்றாள் சத்யபிரியா. "எங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லி வெச்ச ஒரு கேள்வி பாக்கி இருக்குதுங்க. இப்ப எல்லாரு போனும் அவங்கவங்க கையில இருக்குது. அப்படியே இருக்கட்டும். யாரும் அமுக்க வேண்டாம். நீங்க இன்னொருக்கா மந்திரம் சொல்லுங்க. கும்மிருட்டுக்கு இன்னும் ஒரே ஒரு பாலோயராச்சும் வருவாங்களா? ஒருத்தர் வந்தாப் போதும், லென்ஸ் உங்களுக்கு."

கூட்டத்துக்கு இது பிடித்திருந்தது. சாமிக்கு இதெல்லாம் ஒரு பெரிய காரியமா? "சொல்லுங்க சாமி! காட்டுங்க சாமி!"

சித்தர் சொன்னார். லைக்காய நமஹ. டிவியில் எண்ணிக்கை நகரவில்லை. ஷேராய நமஹ. நகரவில்லை. ரவுட்டருக்குக் கற்பூரம் காட்டினார். சூட்டில் ஒரு ஆன்டெனா லேசாக வணங்கியது. எண்ணிக்கை வணங்கவில்லை.

"இங்கே டவர் சரியாகக் கிடைக்கவில்லை," என்றார்.

மண்டபமே அண்ணாந்து பார்த்தது. தகரக் கூரையின் ஓட்டை வழியாக, நேர் தலைக்கு மேல், டவர் தெரிந்தது.

"சேரிங்க," என்றாள் சத்யபிரியா. "இப்ப எல்லாரும் உங்க போனத் தொறந்து, உங்களை எத்தன பேரு பாக்கறாங்கன்னு பாக்காதீங்க. அதைத்தான் தெனமும் பாக்கறீங்க. நீங்க எத்தன பேரப் பாக்கறீங்கன்னு ஒருக்காப் பாருங்க."

போட்டோகிராபர்கள் தம் வாழ்நாளில் தொட்டுப் பார்க்காத அந்த இடத்தைத் தொட்டார்கள். ஆத்தூர்க்காரர் முதலில் கத்தினார்: "அட, நான் ஏழாயிரம் பேரப் பின்தொடர்றேன்!" ராசிபுரத்துக்காரர், "உன்னையுந்தானப்பா தொடர்றேன், நீ யாரு?" என்றார். "நாந்தான், பக்கத்துலதான உக்காந்திருக்கேன்!" அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. எல்லோரும் எல்லோரையும் பின்தொடர்ந்திருந்தார்கள். எல்லோரும் கும்மிருட்டையும் பின்தொடர்ந்திருந்தார்கள். செக்கு மாடுகள் ஒன்றன் வாலை ஒன்று பார்த்துச் சுற்றி, முன்னேறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த கதை.

சித்தார்த் பாய்ந்து போய்த் திரையை இழுத்தான். கருவறைக்குள் பாயில் வரிசையாக உட்கார்ந்து, சீடர்கள் கட்டைவிரலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், ஒரு பூஜைக்கு எத்தனை போனில் எத்தனை தடவை அமுக்க வேண்டும்! சுவரோரம் ஓர் அலமாரி. அதில் கண்மலர்கள், அதாவது லென்ஸ்கள், பூஞ்சை பிடிக்காமல் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் "வாடகைக்கு" என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"இந்தக் கீறல்... இது என் லென்ஸு!" என்று அலறினான் சித்தார்த். "போன மாசம் சாமிக்குச் சாத்துனது! இதத்தானுங்க போன வாரம் சேலத்துல வாடகைக்கு எடுத்தேன்! கையில புடிச்சதும் ரொம்பப் பழகுன மாதிரி இருந்துச்சு, ராசியான லென்ஸுன்னு நெனச்சு அதுக்குத் தனியா சாமி கும்பிட்டேனே!"

சித்தரின் செந்தமிழ் அந்த இடத்தில் கழன்று விழுந்தது. கருப்பண்ணன் வெளியே வந்தார். "ஏனுங்க, நான் என்னங்க தப்புப் பண்ணிப்போட்டேன்? பாலோயர் வேணும்னீங்க, குடுத்தேன். கண்ணாலம் வேணும், வேலை வேணும்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? வந்தவங்க ஆருன்னு ஒருத்தராச்சும் பாத்தீங்களா?"

அவர் பொய் பேசிப் பிழைத்தவர். வாழ்நாளில் பேசிய ஒரே உண்மைக்கு அடி விழப் பார்த்தது. போலீசைக் கூப்பிட வேண்டும் என்று எல்லோரும் கத்தினார்கள். எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஆனால் எல்லோரும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததால் கூப்பிட ஆளில்லை. கடைசியில் டீ கொண்டுவந்தவர்தான் கூப்பிட்டார்.

சந்தோஷ்குமார் தாம்பாளத்திலிருந்து தன் லென்ஸை எடுத்தான். மஞ்சளைச் சட்டைத் துணியால் துடைக்கப் போனவன், கீறல் விழும் என்று நிறுத்திக்கொண்டு, பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்துப் பொறுமையாகத் துடைத்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் தொழில் தெரிந்தவன் போல் செய்த முதல் காரியம் அது.

"மருதாசலண்ணன் மண்டபத்தப் போயி ஒருக்காப் பாத்துட்டு வரலாமா?" என்றான் மனைவியிடம், அவள் கண்ணைப் பார்க்காமல். "சன்னல் எந்தப் பக்கம் இருக்குதுன்னு தெரியோணும்."

"வாங்க, போலாம்," என்றாள் அவள்.

வாசலை அடைவதற்குள் கூட்டம் வழிமறித்தது. முன்னால் ராசிபுரத்துக்காரர், பின்னால் ஆத்தூர்க்காரர், அவர்களுக்குப் பின்னால் குடோனே. அத்தனை பேர் முகத்திலும் பழைய பரவசம் அப்படியே இருந்தது. திசை மட்டும் மாறியிருந்தது.

"அக்கா, நீங்கதானுங்க உண்மையான சக்தி! ஒரே பார்வையில அத்தனையும் கண்டுபுடிச்சுப்போட்டீங்க!" ராசிபுரத்துக்காரர் இரண்டு கையிலும் கேமராவை ஏந்தி நீட்டினார். "உங்க கையால இதுக்கு ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டி உடுங்கக்கா."

சத்யபிரியா அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நீண்டிருந்த கேமராக்களையும் பார்த்தாள்.

"கயித்த மாட்டுக்குத்தானுங்கண்ணா கட்டுவாங்க," என்றாள். "அந்த மாடுகூட, கட்ட வாரப்ப வேண்டாம்னு ஒருக்காத் தலைய உதறிப் பாக்குமுங்க."